சனிக்கிழமைகளில் தீவுக்கு வெளியே

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
29 யூன் 2003

அன்புள்ள மாக்கிரட் அக்காவுக்குத் தங்கை கிறேஸ் எழுதிக்கொள்வது.

மடு மாதாவின் காவலில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். இவருக்கு மட்டும் முழங்கால் நோ விட்டபாடில்லை. சென்ட் லோரன்ட்டில் மருந்துக் கொம்பனியில் நாள் முழுக்க நின்ற நிலையில் வேலை. சனி ஞாயிறாவது காலை நீட்டிக்கொண்டு இருங்கோ என்றால் கேட்கமாட்டார். "கார் ஓடேக்கைதான் என்ரை காலுக்கு ஆறுதல்" என்பார்.

அந்தக் கதையை நம்பித்தான் நேற்றுச் சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். மொன்றியல் ஒரு தீவு என்று நான் எத்தனை தரம் எழுதினாலும் நீங்கள் நம்புவதில்லை. பக்கத்தில் இல்-பிசார் என்று இன்னொரு குட்டித் தீவு இருக்கிறது. பெரிய பெரிய தனி வீடுகள், தெருவில் சனத்தைக் காண முடியாது. அதன் மறு அந்தத்தில் காரை அப்படியே ஏற்றி ஆற்றைக் கடந்து லவாலில் இறக்குகிற மிதவைப் பாதை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஊர்காவற்றுறைப் பாதையை நெரிசலும் ஏச்சும் இல்லாமல் நினைத்துப் பாருங்கள். ஜொய்சி இறங்கி விளிம்பில் நின்று தாராக்களுக்குப் பாண் பிய்த்துப் போட்டாள்.

அங்கிருந்து ஓக்கா. துறவிகள் மடத்தில் செய்யத் தொடங்கிய சீஸ் அங்கே பேர்போனது. வெட்டும்போது கருவாட்டுப் பெட்டி திறந்த மாதிரி மணம். இவர் மூக்கைப் பொத்தினார். ஜொய்சி கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். பிறகு ஸ்ட்ரோபெரித் தோட்டம். கூடையில் போட்டால் காசு, வயிற்றில் போட்டால் காசில்லை. அவள் கூடையை நிரப்பவே இல்லை! மத்தியானம் வாவிக்கரையில் பைன் மரத்துக்குக் கீழே புட்டும் பொரித்த மீனும் சாப்பிட்டோம்.

வரும்போது அவள் என் மடியில் தலையை வைத்து நித்திரை. எங்கள் காரில் முன் சீட்டு எப்போதும் வெறுமை. நான் அவளோடு பின்னால்தான் இருப்பேன். படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

உங்கள் சுகத்துக்குப் பதில் போடுங்கள்.

தங்கை
கிறேஸ்

*

மன்னார்
20 யூலை 2003

அன்புத் தங்கை கிறேசுக்கு,

கடிதமும் படமும் கசங்காமல் வந்து சேர்ந்தன. யோசெப் தம்பியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசு. எனக்குப் பொறாமையைத் தவிர வேறு வருத்தம் இல்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். உன்னிடம் எனக்கு நடிக்க ஏலாது. படத்தில் உன் மடியில் கிடக்கிற அந்தத் தலையை ஐந்து வயது வரைக்கும் பேன் பார்த்தவள் நான். அவள் தகப்பன் அருமைராசா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், ஷெல்லடிக்குள் பிள்ளையை வைத்திருக்கப் பயந்து, பிள்ளை இல்லாத உன்னிடம் தந்தேன். தத்துக் கடுதாசியில் அழாமல் கையெழுத்து வைத்தேன். இப்போது ஏழு வருஷம். மடியில் படுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பாதே.

மற்றது, நீங்கள் மட்டும்தானா தீவுக்காரர்? நானும் கடல் சூழத்தான் குடியிருக்கிறேன். இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறது, பாதை திறந்திருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிய, என்னோடு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிற நல்லம்மாக்காவையும் இழுத்துக்கொண்டு பாலம் தாண்டிக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனேன். வற்றின குளம்தான், ஆனாலும் கொக்கும் நாரையும் நிறைந்து கிடந்தது. அணைக்கட்டில் இருந்து சோறும் விரால்மீன் பொரியலும் சாப்பிட்டோம். வழியில் பாலைப்பழம் வாங்கினோம். உங்கள் ஸ்ட்ரோபெரி அதற்குக் கிட்டவும் வராது என்று ஜொய்சிக்குச் சொல்.

அவளுக்குப் புளிப்புச் சாப்பிட்டால் வயிற்றுக்குள் குத்தும். உனக்கு அது தெரியுமோ என்னவோ.

இன்னொன்று. சனிக்கிழமை மட்டும்தான் எனக்கு அரைநாள் வேலை. மற்ற நாளில் நான் கடை பூட்டி வர முன்னம் போன் எடுக்கிற கொமினிக்கேசனும் பூட்டிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. சனிக்கிழமை பின்னேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம் போன் எடுத்தால் உங்களுக்கு விடிய. அடித்துக்கொண்டே இருக்கிறது. நாலு கிழமையாக ஒருவரும் எடுக்கவில்லை.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

அக்கா
மாக்கிரட்

*

ரொக்ஸ்பரோ
10 ஓகஸ்ட் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நல்லெண்ணெய் பூசினோம். கார் முழுக்க மணக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் தரம் தூரப் பயணம். டன்ஹாம் என்ற இடத்தில், மலை அடிவாரத்தில், கொடிமுந்திரிகைத் தோட்டங்கள். எங்கள் பக்கத்துப் பந்தல் முந்திரிகை இல்லை அக்கா, நெல் வயலைப் போல வரிசையாகக் கண்ணுக்கு எட்டின மட்டும். தோட்டக்காரர்களே வைன் வடிக்கிறார்கள். போகிறவருக்கு ருசி பார்க்க ஒரு மிடறு சும்மா தருகிறார்கள்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அந்தப் பெடியன் கிளாசில் ஊற்றி, "மதாம்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். நான் வைனை வேறெங்கே கண்டேன்? கோவிலில்தானே! என்னை அறியாமல் சிலுவை அடையாளம் போட்டு, தலையைக் குனிந்து, "ஆமென்" என்றுவிட்டேன். அவன் பயந்துபோனான். இவர் சிரித்த சிரிப்பில் மூக்கால் வைன் வந்தது. ஜொய்சிக்கு வெட்கம். "சித்தி, இனி நீங்க காருக்குள்ளையே இருங்கோ" என்றாள். அவளுக்கு முந்திரிகைச் சாறு வாங்கிக் கொடுத்தோம். வயிற்றுக்குள் குத்தவில்லை.

மத்தியானம் இடியப்பம். சொதிப் போத்தல் காரில் சரிந்து எல்லாம் மஞ்சள்.

ஒரு விஷயம். வருகிற மே மாதம் ஜொய்சிக்கு உறுதிபூசுதல். வகுப்புத் தொடங்கப் போகிறது. ஆயர் வந்து தைலம் பூசுவார். ஞானத்தாயாக யார் நிற்பது என்று கோவிலில் இப்போதே பெயர் கேட்கிறார்கள். யோசிக்கிறோம்.

அங்கே வெயில் எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
கிறேஸ்

*

மன்னார்
31 ஓகஸ்ட் 2003

அன்புத் தங்கைக்கு,

மடுத் திருநாளுக்குப் போய் உங்கள் எல்லாருக்கும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். உனக்குக் கொஞ்சம் சின்னத் திரி.

நீ வைன் கடையில் ஆமென் சொன்ன கதையை நல்லம்மாக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சீனி நிறுத்துக்கொண்டிருந்தவ தராசைக் கைவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். இராத்திரி படுத்தபிறகுதான் எரிச்சல் வந்தது. அவள் வெட்கப்பட்டாள் என்று எழுதினாய் பார், அதுதான் சுட்டது. பிள்ளைகள் தாயை நினைத்துத்தான் அப்படி வெட்கப்படுவார்கள். பெரியம்மா சித்தி கூத்தாடினால் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

உனக்கு வைன் என்றால் எனக்குக் கள்ளு. பேசாலைக்குப் போனோம். தெரிந்த வீட்டில் நண்டுக் குழம்பு, குரக்கன் புட்டு, பனங்கள்ளு. நான் ஒரு மிடறு. நல்லம்மாக்கா இரண்டு கோப்பை குடித்துவிட்டுத் திரும்பி வரும் பஸ்சில் மாதா பாட்டுப் பாடினா, கொண்டக்டர் காசு வாங்க மறந்துபோனான். எங்கள் பயணத்திலும் கூத்து உண்டு என்று ஜொய்சிக்குச் சொல்.

ஞானத்தாய்க்கு ஏன் யோசிக்கிறாய்? நீயே நில். வளர்க்கிறவளை விடத் தகுந்த ஆள் யார்? பெற்ற தாய் நிற்கக் கூடாது என்பது கோவில் சட்டம், அதனால் நான் நிற்க முடியாது. நீ நிற்கலாம். ஆயருக்கு முன்னால் அவள் தோளில் வலது கையை வைத்து, ஞானத்தாய் கிறேஸ் என்று நில். எல்லாருக்கும் எல்லாம் விளங்கும்.

சனிக்கிழமை போன் எடுத்தேன். மணி அடித்தது.

அக்கா
மாக்கிரட்

*

ரொக்ஸ்பரோ
13 ஒக்டோபர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நலம். குளிர் தொடங்கிவிட்டது. ஜொய்சிக்குப் புதுச் சப்பாத்து, போன வருஷத்தது காலுக்குள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் முதலாவதாக வந்தாள். தமிழ் எழுத மட்டும் பஞ்சி, பேனையை எடுக்கவே மாட்டாள்.

நேற்று முன்தினம் றூஜ்மோன் என்ற இடத்துக்கு அப்பிள் ஆயப் போனோம். ஒரு மலை, அதைச் சுற்றி அப்பிள் மரங்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில் காய். காடெல்லாம் சிவப்பும் மஞ்சளும். திரக்டருக்குப் பின்னால் பெட்டி பூட்டி, வைக்கோலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இவர் ஏணியில் ஏறி, முழங்காலோடு இறங்க முடியாமல் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். நானும் ஜொய்சியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கினோம். அப்பிள் போட்டுச் சம்பல் அரைத்துப் பார்த்தேன், மாங்காய்ச் சம்பல் மாதிரியே வந்தது.

நிறுத்துக் கொடுக்கிற மனுசி ஜொய்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "உங்கடை மகள் உங்களை உரிச்சு வைச்சிருக்கிறாள்" என்ற மாதிரிப் பிரெஞ்சில் சொன்னா. நான் மெர்சி என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பிள் ஒரு மாதத்துக்குப் போதும்.

வசந்தத்தில் வந்தால் அந்த மரமெல்லாம் வெள்ளைப் பூவாம். மே கடைசியில் போகலாம் என்று ஜொய்சி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. நல்லம்மாக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
கிறேஸ்

*

மன்னார்
9 நவம்பர் 2003

கிறேசுக்கு,

சுகம்.

மெர்சி என்றால் நன்றி என்று பள்ளிமுனையில் பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்த பெடியனிடம் கேட்டு அறிந்தேன். உன்னை உரித்து வைத்திருக்கிறாளாம், நீ நன்றி சொன்னாயாம். நீயும் நானும் ஒரே அச்சு என்று ஊர் முழுக்கச் சொல்லும். அவள் என்னை உரித்து வைத்திருக்கிறாள், அதனால் உன்னைப் போலவும் இருக்கிறாள். அந்த மனுசிக்கு இதைப் பிரெஞ்சில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. மெர்சி மட்டும் வந்தது.

நான் ஞானத்தாய் பற்றிக் கேட்டேன். நீ அப்பிள் சம்பல் பற்றி எழுதியிருக்கிறாய்.

சனிக்கிழமை ஏன் விடியவே வெளிக்கிடுகிறாய் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு போகலாம். மத்தியானம் போகலாம். ஓடி ஒளிக்குமோ அந்த மலையும் ஆறும்? நான் போன் எடுக்கிற நேரம் பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முந்தி என்னோடு கதைத்துவிட்டு வைத்தால் அவள் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டாள் என்று நீதான் ஒருதரம் சொன்னாய். அவளைச் சாப்பிட வைக்க நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாய்.

இனிப் பயணக் கதை எழுதாதே.

மாக்கிரட்

*

மன்னார்
18 சனவரி 2004

அன்புத் தங்கைக்கு,

புது வருஷத்தில் உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். நத்தார் கார்டும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. நான் எழுதினது சுட்டிருக்கும். சுடத்தான் எழுதினேன். ஆனாலும் இரண்டு மாதம் ஒன்றும் வராமல் இருக்க, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ, யோசெப் தம்பி பனியில் விழுந்தாரோ என்று மனம் கண்டபடி ஓடுகிறது. திட்டியாவது ஒரு வரி போடு.

பயணக் கதை எழுதாதே என்று சொல்லிவிட்டேன். இப்போது அதுவும் இல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் என்ன தின்றாள், எதற்குச் சிரித்தாள் என்று வேறு யார் எனக்குச் சொல்லப் போகிறார்கள்? எரிந்து எரிந்து வாசித்தாலும் அதை வாசித்துத்தான் நான் அவளை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

வங்காலைப் பக்கம் பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, போன ஞாயிறு வான் பிடித்துப் போனேன். நல்லம்மாக்காவுக்குத் தடிமன், அதனால் தனியே. சாரதி முன்னால் இருக்கச் சொன்னான். ஆழமில்லாத தண்ணீரில் சிவப்பாக நூற்றுக்கணக்கில் நின்றன. நல்ல வடிவு. "பார் பிள்ளை" என்று சொல்லித் திரும்பினேன். சாரதி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். உடனே வானைத் திருப்பச் சொன்னேன், கொண்டுபோன சோற்றுப் பார்சலையும் அவிழ்க்கவில்லை.

மாதா துணை.

அக்கா
மாக்கிரட்

*

ரொக்ஸ்பரோ
14 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவருக்கும் வருத்தம் இல்லை. அதை முதலில் எழுதுகிறேன். கடிதம் போடாததற்குக் குளிரையும் கார்டெறியில் பிள்ளைகள் பார்க்கிற என் வேலையையும் சாட்டாகச் சொல்லி இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

நீயே ஞானத்தாயாய் நில் என்று எழுதினீர்கள். நான் ஏன் பதில் போடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டீர்கள். கோவில் முழுக்கப் பார்த்திருக்க, ஆயருக்கு முன்னால் அவள் தோளில் கையை வைத்தால், நான் இவளுக்குத் தாய் இல்லை என்று நானே சாட்சி சொன்ன மாதிரி. எனக்கு ஏலாது அக்கா. நிற்காமல் விட்டால் நான்தான் தாய் என்று சொன்ன மாதிரி. அதையும் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு மட்டும்தானா பொறாமை? உங்களுக்கு அவளைச் சுமந்த வயிறு இருக்கிறது. எனக்கு இருந்தது சனிக்கிழமை மட்டும்.

ஞானத்தாயின் பெயர் கொடுக்கக் கடைசி நாள் கிட்டுகிறது. இன்னும் ஒருவர் பெயரும் கொடுக்கவில்லை. பங்குச் சுவாமி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நேற்று மேப்பிள் மரத்துச் சாறு காய்ச்சுகிற கொட்டிலுக்குப் போனோம். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பனங்கட்டி காய்ச்சுகிற மாதிரியே மணம். கொதிக்கிற பாணியைப் பனியில் ஊற்றி, இறுகினதும் தடியில் சுற்றித் தருகிறார்கள். ஜொய்சி நாலு தின்றாள். கன்னத்தில் ஒட்டினதை நாக்கால் தேடிக்கொண்டு, "மன்னாரம்மாவுக்கு இது பிடிக்குமோ?" என்று கேட்டாள். இவர், "பிடிக்கும், கொம்மாவுக்குப் பாணி எண்டால் உயிர்" என்றார்.

இனிமேல் சனிக்கிழமைகளில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடுவோம். விடியக் குளிர் அதிகம்.

இதற்குள் ஜொய்சியின் கடிதம் இருக்கிறது. கேட்டும் காட்டவில்லை. ஒட்டித்தான் தந்தாள்.

தங்கை
கிறேஸ்

*

14 மார்ச் 2004

அன்புள்ள மன்னார் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் சுகமா? இது நானே எழுதும் கடிதம். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு மே 22 சனிக்கிழமை உறுதிபூசுதல். ஞானத்தாய் வேண்டும். அம்மா நிற்கக் கூடாது என்று ஃபாதர் வகுப்பில் சொன்னார். நான் வீட்டில் வந்து அதைச் சொன்னேன். சித்தி குசினிக்குள் போனா. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதா. எனக்குக் கேட்டது.

நான் யோசித்தேன். நான் சித்தியைச் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சொல்லும்போது என் அம்மா என்று சொல்லுவேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுவார்கள். அதனால் சித்தி ஞானத்தாயாக நிற்க முடியாது.

நீங்கள் நிற்பீர்களா? நீங்கள் விமானத்தில் வந்தால் எல்லாருக்கும் சரியாக வரும். சித்தி அழத் தேவையில்லை. நீங்கள் என் தோளில் கை வைக்கலாம். நான் உயரமாகிவிட்டேன், ஆனால் எட்டும்.

அடுத்த நாள் றூஜ்மோனில் அப்பிள் பூ பார்க்கப் போகலாம். நான் எல்லா இடமும் காட்டுவேன். சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஓம் என்றால் சொல்லுவேன்.

அன்பு முத்தங்கள்,
ஜொய்சி

*

மன்னார்
12 ஏப்ரல் 2004

அன்புத் தங்கை கிறேசுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் மூவருக்கும் சந்தோசம் தரட்டும். நேற்றுப் பாஸ்கா நல்லபடி முடிந்தது.

ஜொய்சி என்ன எழுதினாள் என்று உனக்குத் தெரியாது. என்னை ஞானத்தாயாக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

கடிதம் கடைக்குத்தான் வந்தது. வாசித்த உடனே எனக்குத் தலைகால் தெரியவில்லை. அரிசி வாங்க வந்த சனம் எல்லாருக்கும் சொன்னேன். "என்ரை பிள்ளை, தங்கச்சியை விட்டிட்டு என்னைத்தான் கேட்டிருக்கிறாள்!" ஒரு மனுசிக்கு அரைக் கிலோ பருப்புக் கூடப் போட்டுவிட்டேன். நல்லம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையில் இருந்தபடி, "பெத்தவள் நிக்கக்கூடாதெல்லோ பிள்ளை?" என்றா.

அந்தச் சட்டத்தை உனக்கு ஓதினவளே நான். உன்னை உன் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஓதினேன். சந்தோசத்தில் எனக்கே அது மறந்துபோயிற்று.

கடையைப் பூட்டிய பிறகு கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அவள் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்கவில்லை. தாய் இடத்தில் உன்னை வைத்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தை எனக்குத் தந்திருக்கிறாள். அதையும் எனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத் தந்திருக்கிறாள். என்ன செய்யச் சொல்கிறாய் என்னை? பிள்ளையில் பிழை பிடிக்க முடியவில்லை. உன்னில்தான் பிடித்தேன். பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் முழங்காலில் இருந்துகொண்டும் உன்னைத் திட்டினேன். ஏலாது என்று எழுதிப் போட்டால் நீ குசினிக்குள் நின்று இன்னும் அழுவாய், அழட்டும் என்றும் நினைத்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன். தபாலில் போடவில்லை.

தோள் எட்டும் என்று எழுதியிருக்கிறாள் கிறேஸ். அந்த ஒரு வரிதான் என்னை விழுத்தியது. ஏழு வருஷமாக என் கை அவளில் படவில்லை. ஞானத்தாய் என்றால் ஆயர் தைலம் பூசி முடிக்கும் மட்டும் கையை எடுக்கத் தேவையில்லை. ஒருவரும் எடு என்று சொல்லவும் ஏலாது.

நான் நிற்கிறேன். எங்கள் சுவாமியிடம் கேட்கவில்லை, கேட்டால் கூடாது என்பார். உங்கள் சுவாமியிடம் நீ இப்படிச் சொல்: மன்னாரிலிருந்து பிள்ளையின் பெரியம்மா வருகிறா. பெற்றவள் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே, என்னைச் சனத்தோடு வாங்கில் இருத்திவிடுவார்கள். நானும் வாயைத் திறக்கமாட்டேன். இது பெரிய பொய்யும் இல்லை. கடுதாசிப்படி அவள் உன் பிள்ளை. உன் பிள்ளைக்கு நான் பெரியம்மாதான்.

ஆனால் நன்றாகக் கேட்டுக்கொள். அது ஒருநாள் பயணம். உங்கள் சனிக்கிழமைப் பயணம் மாதிரி, விடியப் போய் இருட்டுக்கு முன்னம் திரும்பி வருகிறது. அன்றைக்குக் கோவிலுக்குள் மட்டும்தான் நான் பெரியம்மா. வாசற்படி இறங்கினதும் நான் அவளுடைய அம்மா. நீயும் அம்மாவாக இருந்துகொள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அது இருக்கிறது. அதையும் ஒரு சூட்கேசில் கட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

அழைப்புக் கடிதத்தை யோசெப் தம்பியிடம் சொல்லி உடனே பக்ஸ் பண்ணு, சங்கத்து நம்பர் கடித உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது. விசா தராமல் விட்டால் எனக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தலாமாம். ஆனால் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.

ஜொய்சியிடம் ஓம் என்று சொல். நான் சொன்னேன் என்று சொல். சனிக்கிழமை போன் எடுப்பேன், அப்போது நானும் சொல்லுவேன்.

மடு மாதா நம் எல்லாருக்கும் பொது.

அக்கா
மாக்கிரட்

பி.கு.: மறுநாள் அப்பிள் பூப் பார்க்கப் போகிறபோது நீ முன்னால் போய் யோசெப் தம்பிக்குப் பக்கத்தில் இரு. பின் சீட்டில் அவளோடு நான் இருப்பேன். அந்தத் தோட்டத்து மனுசி யாரை உரித்து வைத்திருக்கிறாள் என்று சொன்னாலும் மெர்சி சொல்வது நான். திரும்பி வரும்போது பிள்ளைக்கு நித்திரை வந்தால் என் மடியில் படுக்கட்டும். நீ திரும்பிப் பார்த்துப் படம் ஒன்று பிடி. நான் ஊருக்கு வந்தபிறகு, அதைக் கடிதத்துக்குள் வைத்து எனக்கு அனுப்பு.